குமரி மாவட்டத்தில் ஏற்றத்தாழ்வு கலகமாக மாறுமா? எதைக் கணக்குப் பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: பணம் மேலே மேலே குவிகிறது, கூலி வேலைக்குப் போகிறவர் கையில் மாதக் கடைசியில் ஒன்றும் நிற்பதில்லை. இலங்கை, வங்கதேசம், நேபாளம் எல்லாம் பார்த்தோம். இங்கே, குறிப்பாகக் குமரி மாவட்டத்தில், ஜனங்கள் அப்படித் தெருவுக்கு வருவார்களா? வருவதாக இருந்தால் முன்கூட்டியே எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

நேராகச் சொன்னால், மாவட்டம் முழுக்க ஏழைகள் ஒன்று சேர்ந்து பணக்காரர்களுக்கு எதிராக எழும் வாய்ப்பு மிகக் குறைவு. ஏதோ ஒரு கரையிலோ ஒரு தாலுகாவிலோ ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் சாலையிலும் தண்டவாளத்திலும் உட்காரும் வாய்ப்பு எப்போதும் உண்டு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். இடைவெளி எவ்வளவு பெரிது என்பதைவிட, அடி வாங்கியவர்களுக்கு ஏற்கெனவே கூடுவதற்கு ஓர் இடம் இருக்கிறதா, அரசு அவர்களையும் பக்கத்து ஊர்க்காரரையும் ஒரே மாதிரி நடத்தியதா என்பதே முக்கியம்.

முதலில் எண்களில் உள்ள குழப்பம். உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வுப்படி, 2022-23ல் இந்தியாவின் உச்சியில் உள்ள 1 சதவீதத்தினரிடம் நாட்டின் வருமானத்தில் 22.6 சதவீதமும் சொத்தில் 40.1 சதவீதமும் இருந்தன. அதே ஆண்டுக்கான அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைப் பார்த்தால் ஜினி குறியீடு கிராமத்தில் 0.266, நகரத்தில் 0.314. அடுத்த ஆண்டு இன்னும் இறங்கி 0.237, 0.284. எல்லாருக்கும் சமமாக இருந்தால் ஜினி 0, எல்லாம் ஒருவரிடமே இருந்தால் 1. இதே செலவுக் கணக்கெடுப்பிலிருந்து உலக வங்கி எடுத்த ஜினியைக் காட்டித்தான் இந்தியா உலகிலேயே சமத்துவமான நாடுகளில் ஒன்று என்று 2025ல் பேசப்பட்டது.

இரண்டில் எதுவும் பொய்யில்லை, அளக்கும் பொருள் வேறு. ஆய்வகம் அளந்தது வருமானமும் சொத்தும், அரசு அளந்தது மாதச் செலவு. ஆண்டுக்குப் பத்து கோடி வருமானம் உள்ளவர் பத்து கோடியையும் தின்றுவிட மாட்டார், நிலமாகவும் பங்காகவும் போட்டு வைப்பார். மாதம் 15,000 சம்பாதிப்பவர் 17,000 செலவழிப்பார், அந்த 2,000 கடன். ஆனால் கணக்கெடுப்பில் கடன் வாங்கிச் செய்த செலவும் செலவுதான். அதனால் ஏழை எவ்வளவுக்கு எவ்வளவு கடனில் இறங்குகிறாரோ, அவ்வளவுக்கு அந்தக் குறியீடு சமத்துவம் கூடியது போலக் காட்டும். குமரி போலக் கடன் எளிதில் கிடைக்கும் மாவட்டத்தில் இதை மறக்கவே கூடாது. மேலே இருப்பவர்களிடமிருந்து எடுக்கும் வரியும் இறங்கியே வந்திருக்கிறது. வாரிசுச் சொத்துக்கான எஸ்டேட் வரி 1985ல் போனது, பெரும் சொத்துக்கான செல்வ வரி 2015 பட்ஜெட்டில் போனது, வரிச்சலுகைகளை விட்டுக்கொடுக்கும் நிறுவனங்களின் அடிப்படை வருமான வரி 2019 செப்டம்பரில் 22 சதவீதமாக இறங்கியது.

இவ்வளவு இருந்தும் ஏன் கொதிப்பு கிளம்பவில்லை என்று கேட்பவர்கள், இடைவெளி தானாகவே கலகம் ஆகும் என்று நினைக்கிறார்கள். மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் எடுத்துக்கொண்டால் கலகத்தோடு அதற்குள்ள தொடர்பு பலவீனமாகவே தெரிகிறது. ஆக்ஸ்போர்டு பொருளியலாளர் பிரான்சிஸ் ஸ்டூவர்ட் 'கிடைமட்ட ஏற்றத்தாழ்வு' என்று ஒன்றைச் சொல்கிறார். சாதி, மதம், இனம், வட்டாரம் என்று முன்பே ஒன்றாக நிற்கிற கூட்டங்களுக்கு இடையே உள்ள ஏற்றத்தாழ்வு அது. கலகத்தோடு வலுவாக ஒட்டி வருவது இதுதான். காரணம் எளிது. ரப்பர் பால் வெட்டுகிறவரும் அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) தோல் உரிக்கிற அக்காவும் வள்ளத்தில் (நாட்டுப் படகில்) போகிறவரும் ஒரே வருமானத்தில் இருக்கலாம், ஆனால் மூவரும் சேர்ந்து நிற்க ஓர் இடமே கிடையாது. கடற்கரை ஊரில் மாதா கோயில் மணி அடித்தால் அரை மணி நேரத்தில் ஊரே கூடும்.

இரண்டாவது விஷயம், எழுவது பெரும்பாலும் அடித்தட்டில் கிடப்பவர்கள் இல்லை. ஏறிக்கொண்டிருந்து நடுவழியில் தடுக்கப்பட்டவர்கள். இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை, குமரி அன்று சேர்ந்திருந்த தென் திருவிதாங்கூரே போதும். பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் 1820களில் வெடித்து, 1858 கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் உச்சத்துக்குப் போய், 1859 ஜூலை 26 அரசாணையில் ஓரளவு முடிந்தது. ஊழியமும் (கூலியில்லாக் கட்டாய வேலை) தலைவரியும் அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக இருந்தவைதான். புதிதாக வந்தது மிஷன் பள்ளி, வியாபாரம், இலங்கைத் தோட்டங்களுக்குப் போய்வந்த பணம். படித்த மகளுக்கும் பழைய தடையா என்ற கேள்விதான் கலகத்தைக் கிளப்பியது. அண்டை நாடுகளிலும் அதே கதை. இலங்கையில் 2021ல் ரசாயன உரத்துக்குத் தடை, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாத அறிவிப்பு, ஜூலை 13ல் அதிபர் கோட்டாபய நாட்டை விட்டு ஓட்டம். கேஸுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்றவர்களில் நடுத்தர வர்க்கத்தினரும் நிறையப் பேர். வங்கதேசத்தில் 2024ல் அரசு வேலையில் 30 சதவீத ஒதுக்கீட்டை எதிர்த்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். நேபாளத்தில் 2025 செப்டம்பரில் சமூக ஊடகத் தடையை எதிர்த்து வந்தவர்கள் இளைஞர்கள். மூன்றிலும் கடைசித் தள்ளு அரசின் பதில்தான்: துப்பாக்கிச் சூடு, ஏளனப் பேச்சு, வாசலை மூடுவது.

இந்த இரண்டு அளவுகோலையும் குமரியில் வைத்துப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 18,70,374. எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டில் முதல் இடம். டிகிரி முடித்த பிள்ளைக்கு உள்ளூரில் கிடைப்பது ஜவுளிக்கடை, தனியார் பள்ளி, மருத்துவமனை பில்லிங். அதனால் பாஸ்போர்ட் எடுக்கிறார்கள். வளைகுடாதான் இந்த மாவட்டத்தின் பெரிய வடிகால். கோபப்பட வேண்டிய வயதில் உள்ள ஆண்களில் நிறையப் பேர் துபாயிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். சவூதி 2013ல் உள்நாட்டாருக்கே வேலை என்ற விதியை இறுக்கியபோதும், 2020 கொரோனா காலத்திலும் அந்த வடிகால் அடைத்தது. இரண்டு முறையும் திரும்பி வந்தவர்கள் போராடவில்லை, நகையை அடகு வைத்து ஆட்டோ வாங்கினார்கள், கடை வைத்தார்கள். அது எத்தனை முறை நடக்கும் என்பது வேறு கேள்வி.

அரசுத் திட்டங்கள் இங்கே எப்படி நழுவுகின்றன என்று வெளி மாவட்டத்துக்காரர்களுக்குப் புரிவதில்லை. 2011 கணக்குப்படி இந்த மாவட்டத்தில் 82 சதவீதத்துக்கு மேல் நகர்ப்புறம். உண்மையில் அந்த நகர்ப்புறத்தில் பெரும்பகுதி தென்னந்தோப்பும் ரப்பரும் வாழையும்தான், ஆனால் நிர்வாகம் பேரூராட்சி. நூறு நாள் வேலைத் திட்டம் கிராம ஊராட்சிக்கு மட்டும் என்று சட்டம் வைத்தது. மாவட்டத்தில் இருந்த கிராம ஊராட்சி 95தான். ஆக, சாலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் வீட்டுக்காரிக்கு 2025-26 கணக்கில் நாளுக்கு 336 ரூபாய் கூலியில் வேலை கேட்டு வாங்கும் உரிமை இருந்தது, அந்தப் பக்கம் பேரூராட்சி என்பதால் அது இல்லை. இருவர் வீட்டு நிலைமையும் ஒன்றே. 2022ல் தமிழக அரசு நகர்ப்புற வேலைத் திட்டம் ஒன்றை முன்னோட்டமாகத் தொடங்கியதற்குக் காரணம் இதே ஓட்டைதான். ஏற்றத்தாழ்வு என்றதும் அம்பானி கணக்கைப் பேசுகிறோம். சாலைக்கு எதிர்ப்புறம் இருப்பவளுக்குக் கிடைத்து தனக்குக் கிடைக்காத 336 ரூபாய்தான் ஒருத்தியை மனுவோடு கலெக்டர் ஆபீஸுக்கு வர வைக்கிறது.

இன்னொரு ஒப்பீடு, கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம். ரிசர்வ் வங்கி வெளியிட்ட புள்ளிவிவரத்தில் 2021-22ல் கிராமப்புறக் கட்டட வேலைக்கு சராசரி நாள்கூலி கேரளத்தில் 837.70 ரூபாய், தமிழ்நாட்டில் 478.60 ரூபாய். விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்துக் கொத்தனாரும் கையாளும் பஸ் ஏறி அங்கே போவதால் குமரியின் மேற்குப் பகுதியில் கூலி மாநில சராசரியைவிட மேலே நிற்கிறது. அதே நேரம், கிழக்கே தோவாளையில் விவசாயக் கூலிக்குப் போகிறவருக்கு அந்த வசதி இல்லை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கூலிச் சந்தை.

நிலம். பழைய நாஞ்சில் நாட்டு ஏலாக்களில் (வயல்வெளிகளில்) கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ (போகம்) விளைந்த வயல் முதலில் தென்னையாகி, பிறகு வாழையாகி, கடைசியில் வீட்டு மனையாகிறது. ஏக்கர் என்று யாரும் பேசுவதில்லை, எல்லாம் சென்ட் கணக்கு. வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போன பெண்ணுக்கு வேலை போகிறது, வயல் வைத்திருந்தவருக்குச் சென்ட் விலை பல மடங்காகிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஆனால் ஒரே மாற்றத்தில் ஒருவர் ஏறினார், ஒருவர் இறங்கினார். மகள் கல்யாணத்துக்கு நகையும் சீதனமும் போட அந்தச் சென்டையே விற்பதால், இரண்டு பெண்பிள்ளை உள்ள நடுத்தரக் குடும்பமும் ஒரு தலைமுறையில் நிலமில்லாததாகிவிடுகிறது.

ரப்பரில் இதே விஷயம் இன்னும் தெளிவாகத் தெரியும். நான்காம் தர ஷீட் 2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாய் அளவுக்குப் போனது, 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே வந்தது, 2024 ஆகஸ்டில் மீண்டும் 240 ரூபாயைத் தாண்டியது. விலை விழும்போது சிறு தோட்டக்காரர் செய்வது ஒன்றுதான், வெட்டை நிறுத்திவிடுவார். மரம் நிற்கும், பால் மரத்திலேயே இருக்கும், நிலத்தின் விலையும் குறையாது. 300, 350 மரம் வெட்டிக் காலை பத்து மணிக்குள் பாலெடுத்து ஷீட் அடித்துக்கொண்டிருந்தவருக்கு அன்றோடு வருமானம் பூஜ்யம். விலை ஏறும்போது வெட்டுக்கூலி அதே வேகத்தில் ஏறுவதில்லை, ஏனென்றால் மரத்துக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சாக முடிந்த கூலி அது. மழைக்கு மறைப்பு கட்டாத தோட்டத்தில் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் சேர்ந்து ஜூன் முதல் நவம்பர் வரை பல நாளைத் தின்றுவிடும். அரசு ரப்பர் கழகத் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு, வேலைநிறுத்தம் செய்கிறார், செய்தி வருகிறது. தனியார் தோட்டத்தில் வெட்டுகிறவருக்கு அதுவும் இல்லை. அதனால்தான் அவர் சத்தம் கேட்பதில்லை.

அண்டி ஆபீஸ் பெண்களைப் பற்றி ஒரு விவரம் மட்டும் சொல்கிறேன். கொட்டை உடைப்பதும் தோல் உரிப்பதும் கிலோ கணக்குக் கூலி. கச்சா அண்டி வராத வாரம் ஆபீஸ் பூட்டு. ஈ.எஸ்.ஐ. நோய்க்கால உதவி கிடைக்க ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சந்தா இருக்க வேண்டும். 70 நாள் மட்டும் ஆபீஸ் ஓடினால், பிடித்த பணம் பிடித்ததுதான், நோயில் படுக்கும்போது உதவித்தொகை இல்லை. வேலைநாள் குறைவது கூலியை மட்டும் வெட்டுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

இனி கடலோரம். 2017 நவம்பர் 29, 30ல் ஒக்கி புயல் வந்தது. குமரி, திருவனந்தபுரம் கரைகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை. டிசம்பர் 7ல் தூத்தூர் பக்கத்து ஊர்கள் திரண்டு குழித்துறை ரயில் நிலையத்தில் உட்கார்ந்தன, நாகர்கோவில்–திருவனந்தபுரம் பாதை இரவு வரை அடைபட்டது. இதைப் 'பசிக் கலகம்' என்று யாராவது எழுதினால் அவருக்கு அந்தக் கரை தெரியாது. தூத்தூர் வட்டாரம் ஆழ்கடல் சுறா வேட்டைக்குப் பேர் போனது, சொந்த விசைப்படகு வைத்தவர்கள் நிறைய. பணத்தில் அவர்கள் ரப்பர் வெட்டுகிறவரைவிடக் கீழே இல்லை. அவர்களை உட்கார வைத்தவை மூன்று. தேடுதல் மந்தமாக நடந்தது. யார் காணவில்லை என்ற பட்டியல் ஊர் வைத்திருந்தது ஒன்று, அரசு சொன்னது வேறொன்று. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளம் அறிவித்த 20 லட்ச ரூபாய், இந்தப் பக்கம் முதலில் சொன்ன 10 லட்சம். ஒரே கடலில், சில சமயம் ஒரே படகில் போனவர்களுக்கு இரண்டு விலை. போராட்டத்தை ஒட்டித் தமிழகமும் 20 லட்சமும் குடும்பத்துக்கு ஒரு அரசு வேலையும் என்று மாற்றியது. காணாமல் போனவரை இறந்தவராகக் கருதச் சட்டப்படி ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும், அதையும் தளர்த்த வேண்டியதாயிற்று.

இனயம் துறைமுகமும் அதே வகை. 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை கொள்கை ஒப்புதல் தந்தது, எதிர்ப்பு வந்ததும் இடம் கன்னியாகுமரிக்குப் பக்கத்துக் கோவளம்–கீழமணக்குடிக்கு மாறியது, அங்கேயும் கரை எழுந்தது, திட்டம் நின்றது. கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் வைத்த கருத்துக்கேட்புக் கூட்டமும் எதிர்ப்பால் தள்ளிப்போனது. நிலம் பறிபோகும் என்ற பயம் ஊரை ஒன்றாக்கும். வட்டி கூடியது என்ற வேதனை அப்படி ஆக்காது.

இதன் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கூடுவதற்கு இடம் மதமும் சாதியும்தான் என்றால் கோபமும் அந்த வழியாகவே போகும். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து–கிறிஸ்தவக் கலவரம் துப்பாக்கிச் சூட்டிலும் ஊர் எரிப்பிலும் போய் நின்றது, நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. அதற்குள் கடலோரத்துக்கும் உள்நாட்டுக்கும் இடையே சந்தையிலும் வேலையிலும் இருந்த கசப்பும் உண்டு. வெளியே வந்தது மதச் சண்டையாக. குமரியில் பொருளாதாரக் கலகம் என்று தனியாக ஒன்று வரும் என்று எதிர்பார்ப்பவர்கள், அது எந்த உடையில் வரும் என்பதை யோசிக்க வேண்டும்.

கடன் ஏன் இதுவரை ஊரைத் திரட்டவில்லை என்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அழுத்தம் அதிகமாகச் சேர்ந்திருப்பது அங்கேதான். நான்கு பேர் உள்ள ஒரு வீடு, மாத வருமானம் 22,000 என்று வையுங்கள். இரண்டு நுண்கடன் நிறுவனங்களில் தவணை 2,700 வீதம் 5,400. பைக் தவணை 3,200. அடகு நகைக்கு வட்டி 1,100. மொத்தம் 9,700, வருமானத்தில் 44 சதவீதம். நுண்கடன் வாங்கும் குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கி விதி, ஆகவே கணினியில் இந்த வீடு பச்சை. கணினியில் வராதது இரண்டு: சீட்டு மாதம் 2,000, தண்டல் நாளுக்கு 100 வீதம் 3,000. இப்போது 14,700, அதாவது 67 சதவீதம். அரிசி ரேஷனில் கிடைப்பதால் மட்டுமே இந்த வீடு ஓடுகிறது.

தண்டலின் உண்மை வட்டி என்ன என்று வாங்குகிறவர்கள் பலருக்குத் தெரியாது. 10,000 ரூபாய்த் தண்டல் என்றால் கையில் தருவது 8,500, தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். '1,500தானே வட்டி, 15 சதவீதம்' என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போகிறது, 100 நாளும் 8,500 உங்கள் கையில் இருப்பதில்லை. சரியாகக் கணக்கிட்டால் நாளுக்கு 0.33 சதவீதம், ஆண்டுக்கு 120 சதவீதம். இதற்குத் தடை போட 2003லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. மிரட்டி வசூலிப்பதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டமும் 2025ல் வந்தது. புகார் கொடுக்க ஆள் வராததற்குக் காரணம், அடுத்த மாதமும் அதே ஆளிடம்தான் கை நீட்ட வேண்டும்.

குழு லோனில் வேறொரு நுட்பம் இருக்கிறது. ஒரு பெண் கட்டத் தவறினால் குழுவில் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். அதனால் வாரக் கூட்டத்தில் கோபம் நிறுவனத்தின் மேல் போகாது, கட்டாமல் விட்ட பக்கத்து வீட்டுப் பெண்ணின் மேல் போகும். வசூலை எளிதாக்கும் அதே ஏற்பாடு எதிர்ப்பையும் உடைத்துவிடுகிறது. தற்கொலையும் ஊரைவிட்டுப் போவதும் நடக்கும், ஊர்வலம் நடக்காது.

நகைக்கடனில் விலையேற்றம் ஒரு மயக்கத்தைத் தருகிறது. 2025 ஏப்ரலில் பவுன் 70,000 ரூபாயைத் தாண்டியது, அக்டோபரில் 90,000ஐயும் தாண்டியது. அடகில் இருக்கும் அதே வளையலுக்குக் கூடுதல் பணம் கிடைப்பதால், வட்டியைக் கட்டித் திருப்பி வைத்துவிடுகிறார்கள், வீடு தாங்குவது போலத் தெரியும். 2026 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம், அதற்கு மேல் 5 லட்சம் வரை 80, அதற்கும் மேல் 75. கூடுதலாக வாங்கலாம் என்பது நல்ல செய்தியாகத்தான் கடன் தருகிறவர் சொல்வார். விலை இருபது சதவீதம் இறங்கினால் 85 சதவீதம் வாங்கியவரின் கடன் நகையின் மதிப்பைத் தாண்டிவிடும், பிறகு மீட்க மனம் வராது. ஏலத்துக்குப் போனால் தெரிந்திருக்க வேண்டியவை: முன்னறிவிப்பு தர வேண்டும், ஆரம்ப விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது (இரண்டு ஏலம் தோற்றால் 85), கடன் போக மிச்சத்தை ஏழு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். கடன் முழுதும் கட்டிய பிறகு நிறுவனத்தின் தவறால் நகை ஏழு வேலை நாளுக்குள் வரவில்லையென்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர். விவரம் கேட்க 14448.

உங்கள் வார்டில் நிலைமை என்ன என்று நீங்களே அளக்கலாம். அடுத்தடுத்த 50 வீட்டை எடுங்கள், பிடித்த வீடாகப் பொறுக்காதீர்கள். வருமானம் கேட்காதீர்கள், யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். நிலம் எத்தனை சென்ட், அடகில் எத்தனை பவுன், மாதத் தவணை எவ்வளவு, வெளிநாட்டில் எத்தனை பேர், பிள்ளை எந்தப் பள்ளி என்று கேளுங்கள். நிலத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, மேலே உள்ள 5 வீட்டின் கூட்டுத்தொகையைக் கீழே உள்ள 20 வீட்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். மேலே 300 சென்ட், கீழே 60 சென்ட் என்றால் விகிதம் 5. இதையே ஐந்து ஆண்டு கழித்து எடுத்தால்தான் பயன், ஒரு தடவை எடுத்த எண்ணுக்கு அர்த்தம் குறைவு. தவறு வரும் இடம் மூன்று. செத்துப்போன தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும், நான்கு வாரிசும் 'எங்களுக்கு நிலம் இல்லை' என்பார்கள். வளைகுடா மகன் பெயரில் வாங்கிய மனை கணக்கில் வராது. கடலோரத்தில் புறம்போக்கில் மாடி வீடு இருக்கும், பட்டா இருக்காது, அதனால் வங்கியில் வீட்டுக்கடனும் கிடைத்திருக்காது. மூன்றையும் தனிக் கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் பார்ப்பது என்பதும் முக்கியம். குமரிக்கு ஜூன்தான் நெருக்கடி மாதம். மேற்குக் கரை மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகம் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தடைக்கால நிவாரணம் 2025ல் குடும்பத்துக்கு 8,000 ரூபாய், 61 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 131. வள்ளத்துக்குத் தடை இல்லை, ஆனால் ஆனி ஆடிக் கடல் விடாது. அதே மாதம் மழையால் பால்வெட்டு நிற்கும், பள்ளிக் கட்டணமும் கட்ட வேண்டும். கரை, மலை, ஊர் மூன்றும் ஒன்றாகக் கடன் வாங்கும் ஒரே மாதம் அது. நாளிதழில் நகை ஏல அறிவிப்பு எத்தனை பக்கம் வருகிறது, தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்குகிறவர்கள் கூடுகிறார்களா, திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் ஒரே ஊரிலிருந்து ஒரே விஷயத்துக்கு அடுத்தடுத்து மனு வருகிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதுதான் உண்மையான அபாய மணி. வாட்ஸ்அப்பில் வரும் கொந்தளிப்புக்கு நான் பெரிய மதிப்பு தர மாட்டேன், அது ஆண்டு முழுக்கவும் ஒரே அளவில் இருக்கும்.

நிர்வாகத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது பணத்தின் அளவைவிடப் பட்டியல். 2023ல் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகையைப் பாருங்கள், அப்போது மாதம் 1,000. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள், கார் கூடாது என்று விதி வைத்தார்கள். கணவர் வளைகுடாவில் சம்பளமில்லாமல் மாட்டிக்கொண்டிருக்க, பழைய கார் ஒன்று வாசலில் நிற்கும் வீட்டுக்கு அது கிடைக்காது. மேல்முறையீடு எங்கே, எத்தனை நாளில் பதில் என்று தெரிந்தால் அந்த வீட்டுப் பெண் அலைவாள், சலித்துக்கொள்வாள், சாலைக்கு வர மாட்டாள். புயல் நிவாரணத்திலும் அப்படித்தான். முதல் மூன்று நாளுக்குள் ஊர்வாரியாகப் பெயர், படகுப் பதிவெண், கடைசியாகப் பேசிய நேரம் ஆகியவற்றோடு பட்டியல் தயாராக வேண்டும். அதை மீன்வளத்துறை அலுவலகத்தில் மட்டும் ஒட்டினால் போதாது, அந்தந்த ஊர் ஆலயப் பலகையிலும் ஒட்ட வேண்டும். விடுபட்ட பெயரை அங்கேயே எழுதிச் சேர்க்க ஓர் அலுவலர் உட்கார வேண்டும், கேரளத்தில் பதிவான படகில் போன குமரிக்காரரையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும். இழப்பீட்டுத் தொகையை அறிவிப்பதற்கு முன் திருவனந்தபுரத்தில் என்ன அறிவித்தார்கள் என்று கேட்டுக்கொள்வதற்கு ஒரு போன் போதும்.